மூன்றாவது பின்

எனக்கு என் கொழுந்தியாளைப் பிடிக்காது என்று குடும்பத்தில் இருபது வருடமாக ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். அவள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும், அதுதான் எனக்குப் பிடிக்காது.

அவள் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு விளக்கு கண் சிமிட்டினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் மற்றவர்களைப் போல "எப்படி இருக்கீங்க" என்று கேட்க மாட்டாள். நேராக ஸ்விட்ச் போர்டைப் பார்ப்பாள். நான் அவளுக்கு ஸ்பேனர் என்று பெயர் வைத்தேன். அவள் எனக்கு சவுண்டு மாமா என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது.

பெயருக்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு அடுக்குமாடியின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அதில் துணி மடிக்கும் அறை என்று ஒன்று இருந்தது. அதை நான் பிடுங்கிக்கொண்டு ஒலி அறையாக மாற்றிவிட்டேன். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், மைக், ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்சர். பாட்டில் ஒரு தம்புரா எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டுவேன். தொழில் என்னவோ அச்சகத்தில் பிழை திருத்துவது. ஊரார் பிழையெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. போதாக்குறைக்கு இந்தக் கட்டடத்தின் இருபத்தெட்டு வீட்டுக்கும் நான்தான் சங்கச் செகரட்டரி.

என் மனைவி இருபத்திரண்டு வருடம் வானொலியில் பேசியவள். நிலையத்தை மூடிவிட்டார்கள். இரண்டு வருடமாக வீட்டில் அவள் என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை. கோபம் ஒன்றுமில்லை, பேசுவதற்கான காரணமே போய்விட்ட மாதிரி இருந்தாள். அப்போதுதான் ஒரு பதிப்பகம் அழைத்தது. கலங்கரை விளக்கம் ஒன்றைத் தனியாகக் காக்கும் பெண்ணைப் பற்றிய நாவல், இருபத்துமூன்று அத்தியாயம். அதை ஒலிப்புத்தகமாக வாசிக்க ஆள் வேண்டுமாம். முதல் அத்தியாயத்தை மாதிரிக்கு அனுப்பச் சொன்னார்கள்.

"ஸ்டூடியோ எதுக்கு? நம்ம ரூம் இருக்கே" என்று வாயைக் கொடுத்தது நான்தான்.

அனுப்பினோம். வியாழக்கிழமை பதில் வந்தது. குரல் பிரமாதமாம். ஆனால் பின்னால் ஒரு ரீங்காரம் இடைவிடாமல் ஓடுகிறதாம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால், வருத்தத்துடன் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்களாம். அவள் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். என் அறை அவள் வாய்ப்பைக் கெடுக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த ரீங்காரத்தோடு மல்லுக்கட்டினேன். வயரை மாற்றினேன், மிக்சரை நகர்த்தினேன், ஃப்ரிட்ஜை அணைத்து வைத்துப் பாலைத் திரிய விட்டேன். அது பாட்டுக்கு 'ம்ம்ம்' என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தது. கடைசியில் ஒலிப்பைத்தியங்கள் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் தங்கள் மனைவியிடம் சொல்லாத ஒரு வித்தையைச் செய்தேன். பிளக்கில் மூன்று பின் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு. தடித்த மூன்றாவது பின் எர்த்துக்கு. மிக்சரின் பிளக்கைத் திறந்து அந்த மூன்றாவது பின்னிலிருந்து பச்சை வயரைக் கழற்றி மடக்கி உள்ளேயே தள்ளிவிட்டு மூடினேன்.

ரீங்காரம் செத்தது. நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி அந்த அறையில் நின்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவைத் தொடங்கும் நேரத்தில் கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள். அக்காவின் நல்ல செய்தியைக் கேட்க வந்தவள், அறை வாசலில் நின்று காதைத் தீட்டினாள்.

"ரீங்காரம்னு அக்கா சொன்னாளே. எப்படிப் போச்சு?"

"அதெல்லாம் ஒரு வித்தை" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தாள். என் மனைவிக்கு வானொலிக் காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. வாசிக்கும்போது இடது கையால் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்வாள், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல. கொழுந்தியாள் குனிந்தாள். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிளக்கைப் பிடுங்கித் திறந்தாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"மாமா, இது என்ன?"

"ஒரு மணி நேரந்தாம்மா. ரெக்கார்டிங் முடிஞ்சதும் மாட்டிடறேன்."

"அந்த ஒரு மணி நேரமும் அக்கா கை எங்க இருக்கும்?"

ஸ்டாண்ட் இரும்பு. மைக்கும் இரும்பு. அங்கிருந்து வயர் நேராக மிக்சருக்குப் போகிறது. மிக்சருக்குள் எதுவாவது கெட்டால் அந்தக் கரண்ட் வெளியேற இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டு, என் மனைவியின் கையை வழியாக வைத்திருக்கிறேன். தம்புரா இருக்கும் மூலை தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. என் மனைவி மெதுவாகக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

கொழுந்தியாள் பச்சை வயரைப் பழையபடி மாட்டினாள். எர்த் இருந்தால் மிக்சரின் உடம்பில் டெஸ்டரை வைக்கும்போது விளக்கு எரியக் கூடாது என்று சொல்லிக்கொண்டே டெஸ்டரை வைத்தாள். பளிச்சென்று எரிந்தது. ஸ்பீக்கரில் அந்தப் பழைய ரீங்காரமும் திரும்பி வந்தது. மீட்டரை எடுத்து, சுவரில் இருந்த பிளக் பாயிண்டின் எர்த் துளையிலேயே நேராக அளந்தாள். ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் எண்பது வோல்ட். அதன் பிறகு அவள் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

"வீட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க மாமா."

அணைத்தேன். ஃபேன் நின்றது. அவள் மறுபடியும் எர்த் துளையில் டெஸ்டரை வைத்தாள். இன்னும் எரிந்தது.

"வீட்ல கரண்டே இல்ல. ஆனா எர்த்துல வருது" என்றாள். "இந்த ரீங்காரம் உங்க பெட்டியோடது இல்ல மாமா. வேற எங்கயோ இருந்து வர்றது. உங்க பெட்டி அதச் சொல்லிட்டிருந்திருக்கு. நீங்க அது வாயை மூடிட்டீங்க."

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் கீழ்த்தளத்துக்குப் போனேன்.

மீட்டர் அறையில் இருபத்தெட்டு வீட்டுப் பச்சை வயர்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே தடித்த வயராகச் சுவரோடு இறங்கி, ஓர் இரும்புத் தண்ணீர்க் குழாயில் பட்டை போட்டு இறுக்கப்பட்டிருந்தன. பழைய கட்டடங்களில் அப்படித்தான் செய்வார்களாம். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது, அதனால் கரண்டும் மண்ணுக்குள் போய்விடும். அவள் டார்ச் வெளிச்சத்தைக் குழாயோடு கீழே கொண்டு போனாள். இரண்டடியில் இரும்பு முடிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்தில் புத்தம் புதிய வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பிளாஸ்டிக் குழாய் என் சாதனை. இரண்டு வருடத்துக்கு முன் துருத் தண்ணீர் வருகிறது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, பழைய இரும்பையெல்லாம் எடுக்க வைத்தவன் நான். கல்வெட்டில் பெயர் பொறிக்காத குறைதான். குழாய் வேலைக்கு வந்தவர் இந்த இடத்தில் நின்று, "சார், இந்தத் துண்டுல ஏதோ வயர் கட்டியிருக்கு, என்ன பண்றது" என்று கேட்டதும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அது கரண்ட்காரர்கள் சமாசாரம், அதில் கை வைக்காதீர்கள், அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு மேலேயும் கீழேயும் அறுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று அதற்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் வேறு அடிக்கச் சொன்னேன்.

"இது யாரு பண்ணின வேலை?" என்றாள்.

"நான்தான்."

இருபது வருடக் கணக்கை ஒரே வாயில் தீர்த்திருக்கலாம். அவள் செய்யவில்லை. அந்தத் துண்டைத் தட்டிக் காட்டி நிதானமாகச் சொன்னாள்.

"கெட்ட கரண்ட் இறங்கிப் போறதுக்கு வழிதான் எர்த். இருபத்தெட்டு வீட்டு வழியும் இங்க வந்து அந்தரத்துல நிக்குது. ஒரு வீட்ல ஏதோ கெட்டுப்போயிருக்கு. இறங்க இடமில்லாம அது மத்த எல்லா வீட்டுக்கும் ஏறுது."

"ஃபியூஸ் போயிருக்கணுமே?"

"போகணும்னா கரண்ட் ஓடணும்ல மாமா. இங்க ஓட ஏது இடம்?"

எந்த வீடு என்று கண்டுபிடிக்க அவள் செய்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். மீட்டர் முனையை அந்தப் பச்சை வயரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு ஸ்விட்சாக என்னை அணைத்துப் போடச் சொன்னாள். முதல் வீடு, எண்பது. இரண்டாவது, எண்பது. அதற்குள் மேலே இருந்து "செகரட்டரி, கரண்ட் வந்து வந்து போகுது" என்று கூப்பாடு கேட்டது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாடி பிடிக்கும் டாக்டர் மாதிரி கண் அந்த எண்ணிலேயே இருந்தது. பத்தொன்பதாவது ஸ்விட்சை அணைத்தேன். எண்பது சடசடவென்று இறங்கி இரண்டில் நின்றது.

"இது எந்த வீடு?"

ஐந்தாம் மாடி. பதினைந்து நாளுக்கு முன் அந்த வீட்டுப் பெண் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "பாத்ரூம் குழாயத் தொட்டா சுள்ளுனு இருக்கு சார்" என்று சொல்லியிருந்தாள். "வறண்ட காத்துக்கு அப்படித்தாம்மா இருக்கும், நைலான் துணியால வர்றது" என்று விஞ்ஞானி தோரணையில் சொல்லி அனுப்பினேன்.

மேலே ஏறிப் போய் மணியை அடித்தோம். கதவைத் திறந்தவள் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, தலை ஈரமாக, துண்டு சுற்றியபடி. கொழுந்தியாள் நேராகக் குளியலறைக்குப் போய், சுவரில் இருந்த வாட்டர் ஹீட்டரைத் திறந்து, உள்ளே இருந்த சூடேற்றும் கம்பியை வெளியே இழுத்தாள். அது நடுவில் வெடித்துப் பிளந்திருந்தது.

"ஏதாவது பிரச்சினையாங்க?" என்று கேட்ட அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே சார். அத நம்பித்தான் தினமும் இவனக் குளிப்பாட்டிட்டிருக்கேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பியிருந்தாள். குழந்தையின் அந்த ஈரத் தலையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"இப்ப ஒண்ணுமில்ல, கண்டுபிடிச்சாச்சு" என்றாள் கொழுந்தியாள். "இத மாத்துற வரைக்கும் போடாதீங்க. சார்தான் கூட்டிட்டு வந்து காட்டினாரு."

படியிறங்கும்போது, "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"அவங்க அடுத்த தடவையும் உங்ககிட்டத்தான் வந்து சொல்லணும்" என்றாள். அந்தப் படியிலேயே நான் அவளிடம் தோற்றுப்போனேன். இருபது வருடமாக வீம்பாகப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று. இவள் என்னைவிடப் பெரிய மனுஷி.

ஆனால் அடுத்து அவள் சொன்னது தலையில் இடியாக விழுந்தது. "மொத்தக் கட்டடத்து மெயினையும் ஆஃப் பண்ணணும். புதுசா எர்த் அடிச்சு முடிக்க அஞ்சு மணியாகும்."

மணி பன்னிரண்டரை. ஹீட்டரை அணைத்ததால் ரீங்காரம் இப்போது இருக்காது. ஒரே ஒரு மணி நேரம் கிடைத்தால் அத்தியாயம் முடிந்துவிடும். அதைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"இன்னிக்கு இந்த ஹீட்டர். அடுத்தது எந்த வீட்டு வாஷிங் மெஷின்னு எனக்குத் தெரியாது" என்றாள். "அக்காகிட்டயே கேளுங்க."

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கையில் அந்த அத்தியாயத்தின் தாள்கள். மூச்சு எடுக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"இந்த ஒரு மணி நேரத்துல இருபத்தெட்டு வீட்ல யாரு எதத் தொடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். "போய் அணைங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாள்களை நாலாக மடித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளைத் தேடி வந்த வேலை அது.

கொழுந்தியாள் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் யூபிஎஸ் இருந்தது. மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் ஓட்டுகிற பேட்டரிப் பெட்டி.

"இது எத்தனை நிமிஷம் தாங்கும்?"

"நாப்பது."

"அத்தியாயம் எத்தனை நிமிஷம்க்கா?"

"முப்பத்தஞ்சு. தப்பில்லாம வாசிச்சா."

"அப்ப இதோட பிளக்கைச் சுவத்துல இருந்து கழட்டிடலாம். மிக்சரும் கம்ப்யூட்டரும் இந்தப் பேட்டரில ஓடட்டும். சுவத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, நீ தாராளமா ஸ்டாண்டைப் பிடிச்சுக்கலாம்."

"அது அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ பீப் பீப்னு கத்துமேம்மா" என்றேன். என் வாய் சும்மா இருக்காது. அவள் பெட்டியைத் திறந்து, கத்தும் அந்தச் சின்னக் குமிழைக் கண்டுபிடித்து அதன் வயரை எடுத்துவிட்டாள். மூடியபின் மிக்சரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், பிறகு மீட்டரை. இரண்டுக்கும் திருப்தியான பிறகுதான் அக்காவை உட்கார விட்டாள்.

வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிவிட்டு நான் மெயினை அணைத்தேன். கொழுந்தியாள் செம்புக் கம்பிகளோடு கடையிலிருந்து திரும்பும்போது மணி இரண்டு. கம்பியைச் சம்மட்டியால் மண்ணில் அடித்து இறக்க வேண்டும், அதுவும் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே. "முப்பத்தஞ்சு நிமிஷம் சம்மட்டிய தொடமாட்டேன். அதுவரைக்கும் குழி தோண்டறேன்" என்றாள்.

அன்று அந்தக் கட்டடம் இருந்த அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. லிஃப்ட் நின்றது, மோட்டார் நின்றது, இருபத்தெட்டு வீட்டு ஃபேனும் ஃப்ரிட்ஜும் டிவியும் நின்றன. புழுக்கம் தாங்காமல் ஆட்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். நான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். பிறகு எங்கள் கதவோடு காதை ஒட்டி நின்றேன். என் மனைவியின் குரல் வந்தது. பஞ்சுப் பலகையும் ஆயிரம் வயரும் செய்யாததை ஒரு ஸ்விட்ச் செய்துவிட்டது. அந்தக் குரலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. படிக்கட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

முப்பத்தோராம் நிமிடத்தில், மேலே படிக்கட்டில் ஐந்தாம் மாடிக் குழந்தை வீரிட்டு அழுதது. எனக்கு உயிரே போய்விட்டது. இன்னொரு முறை வாசிக்கப் பேட்டரி இல்லை. உள்ளே ஒரு மூச்சு நேரம் மௌனம். பிறகு என் மனைவி அந்த அழுகை ஓய்வதற்குள்ளேயே அடுத்த வரியை எடுத்தாள், குரலில் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல். அவள் கடைசி வரியை முடித்து வெளியே வந்தபோது பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு சம்மட்டி. கம்பியை நான் பிடித்துக்கொள்ள, கொழுந்தியாள் அடித்தாள்.

"என் கையில பட்டுடப் போகுது."

"படாது மாமா. அசையாம பிடிங்க."

படவில்லை. மூன்று கம்பி, ஆளுயரத்தைவிட நீளம், ஒவ்வொன்றும் முழுசாக மண்ணுக்குள் போயிற்று. அவள் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றி, பட்டை இறுக்கி, அளந்து, திருப்தியில்லாமல் ஒரு பட்டையைக் கழற்றித் தேய்த்து மறுபடி இறுக்கி, மறுபடி அளந்தாள். ஐந்து மணிக்கு மெயினைப் போட்ட பிறகும் விடவில்லை. இருபத்தெட்டு வீட்டிலும் ஏறி ஒவ்வொரு எர்த்தையும் சோதித்தாள். எங்கள் அறையில் ஆம்ப்ளிஃபையரை மூன்று பின்னோடு மாட்டி, சத்தத்தை முழுசாகத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளிடம் அதை மறைக்கவும் இல்லை.

"நீ பெரிய ஆளும்மா" என்றேன்.

"அப்ப நான் போனப்புறம் அந்தப் பச்ச வயரைக் கழட்டாம இருங்க" என்றாள் ஸ்பேனர்.

மெயின் வந்த கையோடு, ஐந்து ஐந்துக்கே பதிவு போயிருந்தது. குழந்தை அழுகையைப் பற்றியும் என் மனைவி ஒளிக்காமல் எழுதியிருந்தாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. இவ்வளவு சுத்தமான பதிவு எந்த ஸ்டூடியோவில் எடுத்தது என்று கேட்டார்கள். அழுகை விழுந்த இரண்டு வரியை மட்டும் திரும்ப வாசித்து அனுப்பினால் போதும், மீதி இருபத்திரண்டு அத்தியாயத்தையும் தொடங்கிவிடுங்கள் என்றார்கள். என் மனைவி போனை வைத்துவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு எங்கள் இரண்டு பேரிடமும் மூச்சு விடாமல் பேசினாள்.

திரும்ப வாசித்த வரிகளைச் சேர்த்துப் பதிப்பகத்துக்கு அனுப்பியாயிற்று. முதல் பதிவின் பிரதி என்னிடம் இருக்கிறது. பின்னணியில் ஊசி விழுந்தாலும் பதிவைத் தூக்கிப் போடுகிறவன் நான். இதை அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முப்பத்தோராம் நிமிடத்தைப் போட்டுக் கேட்கிறேன். அந்தக் குழந்தை நல்ல உயிரோடு, தொண்டை கிழிய அழுகிறது.